டெலிஹாஸ்பிஸ்: சொல்லும் பொருளும்

குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன்தராது என்ற நிலையில் வீட்டில் இருக்கும் நோயாளியையும், அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தையும், காணொளி அழைப்பிலும் தொலைபேசியிலும் மருத்துவக் குழு தொடர்ந்து கவனித்துவருவதற்கு டெலிஹாஸ்பிஸ் என்று பெயர். நேரில் வருவதை நிறுத்திவிடுவதற்கான ஏற்பாடு அல்ல. இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட நாள்களுக்கானது.

டெலி, 'தொலைவில்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். ஹாஸ்பிஸின் கதை நீளமானது. லத்தீனில் ஹோஸ்பெஸ் என்றால் விருந்தினர். விருந்தளிப்பவருக்கும் அதே சொல்தான். ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகர்களுக்காகத் துறவிகள் நடத்திய விடுதி ஹாஸ்பிஸ் எனப்பட்டது. நம் ஊர்ச் சத்திரம் போன்றது. மரணத்தை நெருங்கியவர்களுக்கான இல்லம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. 1967இல் ஆங்கில மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் அதற்கு இன்றைய மருத்துவப் பொருளைத் தந்தது. 1969இல் அவரது குழு நோயாளிகளின் வீடுகளுக்கும் செல்லத் தொடங்கியது. இடத்தைக் குறித்த பெயர், பராமரிப்பு முறையைக் குறிக்கலாயிற்று.

அமெரிக்காவில் இன்று ஹாஸ்பிஸ் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பராமரிப்புதான். 1990களின் பிற்பகுதியிலேயே கான்சாஸில் காணொளி வழி ஹாஸ்பிஸ் சேவையைச் சோதித்துப் பார்த்தார்கள். 2020இல் கொரோனா பரவியபோது, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் ஹாஸ்பிஸ் சேவையை நீட்டிக்க நோயாளியை நேரில் பார்த்தாக வேண்டும் என்ற விதி தளர்ந்து, காணொளியில் பார்த்தாலும் போதும் என்றானது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'அந்திமகாலப் பராமரிப்பு' என்று எழுதுகிறார்கள். அந்திமம் என்றாலே கிரியைதான் நினைவுக்கு வரும். உயிரோடிருப்பவரின் வீட்டு வாசலில் சொல்லத்தக்க சொல் அல்ல. 'நோய்தணிப்புப் பராமரிப்பு' நல்ல சொல், ஆனால் அது பேலியேட்டிவ் என்பதற்கு உரியது. அந்தப் பராமரிப்பு நோயின் எந்தக் கட்டத்திலும் தொடங்கலாம். ஹாஸ்பிஸ் அதன் கடைசிப் பகுதி. எனவே 'தொலைவழி இறுதிக்காலப் பராமரிப்பு' என்பதே துல்லியம். விருந்தோம்பலில் உள்ள 'ஓம்பல்' ஹோஸ்பெஸின் வேரோடு அழகாகப் பொருந்தும். 'இறுதிக்கால ஓம்பல்' என்று சொல்லவே எனக்கு ஆசை. அரசுப் படிவத்தில் அது ஏறுமா என்பது வேறு விஷயம்.

எந்தச் சொல்லை எடுத்தாலும், தொலைவில் இருப்பது மருத்துவக் குழு மட்டுமே. மருத்துவத்தின் நான்கு கூறுகளாக உற்றவன் (நோயாளி), தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து, உழைச்செல்வான் என்று எண்ணுகிறது குறள் (950). உழை என்றால் பக்கம். பக்கத்திலிருந்து பணிசெய்பவரே உழைச்செல்வான். திரையில் செவிலியர் பேசுவது பெரும்பாலும் இவரிடம்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவேண்டிய 'மார்பின்' என்ற வலிதணிப்பு மாத்திரையைத் தந்தாயிற்றா, மலச்சிக்கல் உண்டா, புரட்டும்போது முகம் சுளிக்கிறாரா என்று கேட்கிறார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் நடுராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல், ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொல்லித்தருகிறார். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் சிறுநீர்க் குழாயை மாற்றுவதும் திரையால் ஆகாது.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தரக் கூடாது. மார்பின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வலியின் அளவைக் காணொளியில் கேட்டறியலாம். அதைத் தணிக்கும் முதன்மை மருந்துக்கு நேரில் பார்த்த மருத்துவரின் சீட்டு வேண்டும். ஆகவே இங்கே 'தொலைவழி' என்ற அடைமொழியைத் தாங்குவதற்கு, வீடு தேடி வரும் குழு ஒன்று முதலில் இருந்தாக வேண்டும்.