சாட்சி: சொல் விளக்கம்

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் போதகர், "யாராவது சாட்சி சொல்லணுமா?" என்று கேட்பார். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வருவார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, என்ன நோய், எப்போது ஜெபித்தார்கள், எப்படிச் சுகம் கிடைத்தது என்று சொல்லிவிட்டு உட்காருவார். தமிழ்க் கிறிஸ்தவர் பேச்சில் சாட்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஒருவருடைய நடத்தைக்கும் அதே சொல் உண்டு: "அவருக்கு நல்ல சாட்சி இருக்கு", "சாட்சி கெட்டுப்போச்சு".

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'அக்ஷி' என்றால் கண். கண்ணோடு இருந்தவர், அதாவது நேரில் பார்த்தவர், 'சாக்ஷி'. மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி எல்லாவற்றிலும் இருப்பது இதே கண்தான். (காட்சி மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது 'காண்' என்ற தமிழ் வேரில் பிறந்தது.)

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சாட்சிக்காரருக்கு 'மார்த்துஸ்' என்று பெயர். சொன்ன சாட்சியை மாற்றாமல் உயிரைக் கொடுத்தவர்களுக்கும் பிற்காலத்தில் அதுவே பெயராயிற்று. அதைத்தான் சீர்திருத்த சபையினர் இரத்தசாட்சி என்கிறார்கள், கத்தோலிக்கர் மறைசாட்சி என்கிறார்கள். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் ஒரு மறைசாட்சி.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய சொல் 'கரி'. "இந்திரனே சாலுங் கரி" என்ற குறளில் கரி என்றால் சாட்சி. சிலப்பதிகாரத்தில் பூதம் பிடித்துத் தின்னும் கயவர் பட்டியலில் 'பொய்க்கரியாளர்' வருகிறார்கள், பொய்ச்சாட்சி சொல்பவர்கள். அழகான சொல்தான், ஆனால் இன்று சபையில் எழுந்து "கரி சொல்ல வந்திருக்கிறேன்" என்றால் ஒருவர் அடுப்பை நினைப்பார், இன்னொருவர் மத்தியானச் சாப்பாட்டை நினைப்பார்.

அடுத்தது 'சான்று'. மேலே சொன்ன குறளிலேயே 'சாலும்' என்று நிற்கும் 'சால்' இதற்கு வேர். நிறைதல், பொருந்துதல், போதுமானதாக இருத்தல் என்று பொருள். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து செய்த, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'சான்று', 'சான்று பகர்தல்' என்றே எழுதுகிறது. வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் பழகியவர்களுக்குச் சாட்சிதான் நாக்கில் வரும்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றவில்லை. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு, ஒருவருக்கும் சொல்லாதே, ஆசாரியனிடம் போய் உன்னைக் காட்டு, மோசே கட்டளையிட்டதைச் சாட்சியாகச் செலுத்து என்கிறார். பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 14இல் அந்த முறை இருக்கிறது. ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய் அந்த ஆளைப் பார்க்க வேண்டும். நோய் போயிருந்தால் இரண்டு குருவிகள், கேதுருக் கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு என்ற செடி. ஒரு குருவியை ஊற்றுநீரின்மேல் கொல்ல வேண்டும். மற்றதை அந்த இரத்தத்தில் தோய்த்து வெளியில் பறக்கவிட வேண்டும். பிறகுதான் அவன் ஊருக்குள் வரலாம். ஏறக்குறைய மருத்துவச் சான்றிதழ் வாங்குவது போலத்தான், இங்கே 'சான்று' கச்சிதம். ஆனால் அவன் பேசாமல் இருக்கவில்லை, போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். அப்படிச் சொன்னதுதான் சாட்சி. ஐந்தாம் அதிகாரத்தில் பிசாசு நீங்கிய மனிதனிடமோ இயேசுவே, வீட்டுக்குப் போய் உன் இனத்தாரிடம் சொல் என்கிறார்.

கத்தோலிக்க வழக்கில் சொற்களே கொஞ்சம் வேறு. அற்புதத்துக்குப் 'புதுமை' என்பார்கள், சுகத்துக்கு 'நலம்', 'குணம்' என்பார்கள். வேளாங்கண்ணியில் நலம் பெற்றவர்கள் வெள்ளியில் கண், கை, கால் என்று செய்து காணிக்கையாக வைக்கிறார்கள். அதை நேர்த்திக்கடன் என்பார்களே தவிர, சாட்சி என்பதில்லை.

எழுத்தில் 'சான்று பகர்தல்' தாராளமாக எழுதலாம். இப்போது சிலர் எழுதும் 'அனுபவப் பகிர்வு'தான் எனக்கு ஒட்டவில்லை. பகிர்வைக் கேட்டுவிட்டுத் தலையாட்டலாம். சாட்சி சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனைப் பரிசேயர் என்ற யூத மதக் குழுவினர் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். இடையில் பெற்றோரையும் அழைக்கிறார்கள். அவர்களோ பயந்துபோய், அவன் வயதுவந்தவன், அவனையே கேளுங்கள் என்று நழுவிவிடுகிறார்கள். குணமாக்கியவர் பாவியா என்று கேட்டால் அவன் தெரியாது என்கிறான்; குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், அது மட்டும் தெரியும் என்கிறான். திரும்பவும் கேட்டபோது, ஏற்கெனவே சொன்னேனே, நீங்களும் அவருக்குச் சீஷராகப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.