கஞ்சா: சட்டம் இன்று எங்கே நிற்கிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு விளக்கம்

கஞ்சாவை அனுமதிக்கலாமா, கூடாதா என்ற விவாதம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். இன்றைய நிலவரப்படி தமிழ்நாட்டில் போதைக்காக ஒரு கிராம் வைத்திருந்தாலும் குற்றம், ஒரே ஒரு செடி வளர்த்தாலும் குற்றம், ஒரு இழுப்பு இழுத்தாலும் குற்றம். 'ஜெர்மனியில் விட்டுவிட்டார்கள், தாய்லாந்தில் கடையிலேயே கிடைக்கிறது, ஐ.நா.வே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது' என்று செல்போனில் சுற்றும் வீடியோக்களை நம்பி, இனி பெரிய கேஸ் எதுவும் வராது என்று நினைப்பவர்கள் ஓசூர் சிப்காட் அறைகளிலும் இருக்கிறார்கள், தருமபுரி கல்லூரி விடுதிகளிலும் இருக்கிறார்கள். அந்த வீடியோக்களில் பாதிதான் உண்மை.

ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை 1961 போதைப்பொருள் உடன்படிக்கையில் மிக ஆபத்தானவற்றுக்கான நான்காம் அட்டவணையிலிருந்து மட்டும்தான் நீக்கியது. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருட்களுக்கான முதல் அட்டவணையில் கஞ்சா இன்னும் இருக்கிறது. மருத்துவப் பயனை ஏற்றுக்கொண்டார்களே தவிர, போதைக்கு அனுமதி தரவில்லை. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை நீக்கிவிட்டு, 2025இல் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பியது. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் வெளியிடத்தில் 25 கிராம் வைத்திருக்கவும் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் விட்டிருக்கிறது. ஆனால் அங்கேயும் கடை திறந்து விற்க விடவில்லை.

இங்கே நடப்பில் இருப்பது 1985 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டிலும் என்.டி.பி.எஸ். என்பார்கள். இது மத்திய சட்டம். மருத்துவம், ஆராய்ச்சி, நார், விதை ஆகியவற்றுக்காகச் சாகுபடி லைசென்ஸ் கொடுக்க மட்டும் சட்டத்தில் வழி உண்டு. உத்தராகண்ட் 2018இல் போதைத்தன்மை மிகக் குறைந்த கஞ்சா வகையான நார்ச்செடிக்கு லைசென்ஸ் கொடுத்தது அந்த வழியில்தான். போதைக்கான விற்பனையை எந்த மாநிலமும் தானாக அனுமதிக்க முடியாது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தினால்தான் உண்டு.

எடைதான் எல்லாம்

இந்தச் சட்டம் தண்டனையை எடையை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. 2001 அக்டோபர் 19 அறிவிக்கையின்படி கஞ்சாவில் 1 கிலோ வரை 'சிறு அளவு', 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு', இரண்டுக்கும் நடுவில் இருப்பது நடு அளவு. சரஸ் என்கிற கஞ்சாப் பிசினுக்கு இந்தக் கோடுகள் 100 கிராமும் 1 கிலோவும். ஹாஷ் ஆயிலும் பிசின் வகையிலேயே சேரும் என்பதால், சின்ன பாட்டில்தானே என்று அதை இளக்காரமாக நினைக்கக்கூடாது.

சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடு அளவுக்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் 1 முதல் 2 லட்சம். நீதிபதிக்கே மனது இரங்கினாலும் அந்தப் பத்து ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது. கையில் எதுவும் இல்லாமல், புகைத்தது மட்டும் நிரூபணமானால் பிரிவு 27: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

தான் புகைக்க 50 கிராம் வைத்திருக்கும் மாணவனும், பள்ளி வாசலில் பொட்டலம் போட்டு விற்க 50 கிராம் வைத்திருப்பவனும் ஒரே உட்பிரிவில்தான் வருகிறார்கள். ஆந்திர, ஒடிசா மலைப்பகுதியிலிருந்து கூலிக்காக 21 கிலோ மூட்டையைத் தூக்கி வருபவனுக்கும், சரக்கின் சொந்தக்காரனுக்கும் அதே பத்து ஆண்டு. நடைமுறையில் பிடிபடுவது பெரும்பாலும் தூக்கி வருபவன்தான். இந்தச் சட்டத்தில் உடனே மாற்ற வேண்டிய இடம் இதுதான்.

பூக்கும், காய்க்கும் நுனிதான் சட்டப்படி கஞ்சா. நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. வேரோடு பிடுங்கிய செடியை அப்படியே தராசில் வைத்து எடை எழுதியிருந்தால், அந்த எடையை வழக்கறிஞர் கேள்வி கேட்கலாம். ஒரு கிலோ, இருபது கிலோ கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வழக்குகளில் இது வழக்கையே மாற்றிவிடும். வட மாநிலங்களில் இலையிலிருந்து செய்யும் பாங் அரசு லைசென்ஸ் கடைகளில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கடை கிடையாது. ஓசூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களைக் குறிவைத்து விற்கும் கஞ்சா சாக்லேட்டும் பிரச்சினைதான். கலவை என்றால் கலந்த மாவு, சர்க்கரை எல்லாம் சேர்த்து மொத்த எடையையும் கணக்கில் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

நிலம் வைத்திருப்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும்

சாகுபடிக்குச் சிறு அளவு என்ற சலுகையே கிடையாது. மாடித் தொட்டியில் ஒரு செடி என்றாலும், அஞ்செட்டி பக்கம் துவரைக்கு நடுவே ஊடுபயிராக நூறு செடி என்றாலும் ஒரே பிரிவு: 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். குத்தகைக்கு விட்ட நிலத்தில் குத்தகைக்காரர் வளர்த்தால், தெரிந்தவுடன் தகவல் கொடுக்க வேண்டியது நிலத்துக்காரரின் கடமை என்று பிரிவு 46 சொல்கிறது. தெரிந்தும் சும்மா இருந்தால் அவரும் தண்டனைக்கு உள்ளாவார். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். சர்வே எண் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, மனு ரசீது வாங்கி வையுங்கள். குத்தகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கட்டும். வாய்க் குத்தகையில் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

'நார்ச்செடி போடுங்கள், நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்' என்று ஒப்பந்தத் தாளோடு யாராவது வந்தால், தமிழ்நாடு அரசு உங்கள் பெயருக்கும் உங்கள் சர்வே எண்ணுக்கும் கொடுத்த லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். உத்தராகண்ட் லைசென்ஸ் தேன்கனிக்கோட்டையில் செல்லாது. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு வேறு செடி, அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

வீடு, கடை, வண்டி எதுவானாலும் தெரிந்தே பயன்படுத்த விட்டால், குற்றம் செய்தவருக்குரிய அதே தண்டனை உரிமையாளருக்கும் உண்டு (பிரிவு 25). சிப்காட் பக்கம் அறைகளை வாடகைக்கு விடுபவர்கள் எழுத்து ஒப்பந்தமும் ஆதார் நகலும் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

செக்போஸ்டில், பஸ்ஸில், ரயிலில்

ஜூஜூவாடி செக்போஸ்ட், தேசிய நெடுஞ்சாலை 44, ஆந்திரப் பக்கமிருந்து ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகச் சேலம் போகும் ரயில்கள் என்று இந்த இரண்டு மாவட்டங்களுமே கடத்தல் பாதையில் இருக்கின்றன. அடுத்தவர் பையை 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பொருள் உங்கள் வசம் இருந்தது என்று போலீஸ் நிரூபித்துவிட்டால், உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் சட்டம் அனுமானிக்கும் (பிரிவுகள் 35, 54). தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும்.

உடலைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள கெசடட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உங்களுக்கு உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும் (பிரிவு 50). சொல்லாமல் சோதித்து எடுத்தால், அந்தப் பறிமுதலை நம்பித் தண்டிக்க முடியாது. 'எனக்கு வேண்டாம், நீங்களே சோதிக்கலாம்' என்று அச்சடித்த தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதால்தான் இந்த உரிமை பலருக்குக் கைநழுவிப் போகிறது. ஆனால் இது உடல் சோதனைக்கு மட்டும்தான். பையிலிருந்தோ வண்டி டிக்கியிலிருந்தோ எடுத்தால் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைவதானால், கிடைத்த தகவலை முதலில் எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். பஸ் ஸ்டாண்ட், சாலை போன்ற பொது இடங்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. கைது, பறிமுதல் பற்றிய முழு அறிக்கை 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் மோகன்லால் வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆகவே பறிமுதல் விவரம் எழுதும் மகஜரின் நகலை வாங்கி, அதில் இருக்கும் நேரம், இடம், எடை மூன்றையும் எஃப்.ஐ.ஆரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. 2020இல் தூஃபான் சிங் தீர்ப்பும் இதை உறுதி செய்தது.

வண்டியைப் பிடித்துவிட்டால், தனக்குத் தெரியாமல் நடந்தது, வேண்டிய எச்சரிக்கையும் எடுத்திருந்தேன் என்று உரிமையாளர் காட்ட வேண்டும். விசாரணை முடியும்வரை வண்டியை இடைக்காலமாக விடுவிக்க நீதிமன்றத்துக்குத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், லோடு பில், டிரைவரை வேலைக்கு வைத்ததற்கான ஆதாரம் ஆகியவற்றோடு மனு போடுங்கள்.

ஜாமீனும் அதற்குப் பிறகும்

சிறு, நடு அளவு வழக்குகளில் வழக்கமான ஜாமீன் விதிகள்தான். வணிக அளவில் பிரிவு 37 குறுக்கே நிற்கும்: குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும், வெளியே வந்து மீண்டும் செய்யமாட்டார் என்றும் தோன்ற வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு அங்கே 180 நாள் அவகாசம், அரசு வழக்கறிஞர் காரணம் காட்டினால் ஓராண்டு வரை நீளும். கெடு தாண்டிய அன்றே மனு போட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

விற்பனை வழக்கு என்றால், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்திலும் 12 மாதம் வரை அடைக்கலாம். தண்டனை ஆகாவிட்டாலும் நிலுவையில் இருக்கும் வழக்கு பாஸ்போர்ட்டையும், கம்பெனி கேட்கும் போலீஸ் சரிபார்ப்பையும் தடுக்கும். பதினெட்டு வயது ஆகாதவர் பிடிபட்டால் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். சிறுவர்களை விற்கவோ கடத்தவோ பயன்படுத்துபவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல்.

அப்படியானால் அனுமதித்துவிடலாமா?

கடை திறந்து விற்க அனுமதிக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. வளரும் வயதில் தொடர்ந்து புகைப்பது நினைவாற்றலைக் கெடுக்கிறது, மனநோய்க்குச் சாய்வு உள்ளவர்களை அதற்குள் தள்ளவும் செய்கிறது. 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கும் மாநிலம் இது. வருமானம் ஒருமுறை பட்ஜெட்டுக்குள் போய்விட்டால், கடையைக் குறைப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக இப்போதைய சட்டம் சரியென்று ஆகிவிடாது. 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் கஞ்சா வகை ஒன்றைப் பயன்படுத்தியதாகச் சொல்கிறது. இத்தனை பேரைச் சிறையில் வைத்துத் திருத்த முடியாது. போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் விற்பனையைக் குற்றமாகவே வைத்துக்கொண்டு, சொந்த உபயோகத்தை மட்டும் சிறைக் குற்றத்திலிருந்து எடுத்துவிட்டது. பிடிபடுபவர் மருத்துவ, சமூகநலக் குழு முன் போகிறார். நமக்கும் அந்த வழிதான் பொருந்தும். 27ஆம் பிரிவிலிருந்தும் சொந்த உபயோகத்துக்கான சிறு அளவிலிருந்தும் சிறையை எடுக்க வேண்டும். கூலிக்குத் தூக்கியவனையும் முதலாளியையும் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கதவு சட்டத்திலேயே இருக்கிறது, அதைத் தட்டுபவர்கள்தான் இல்லை. பிரிவு 64ஏ: பழக்கத்துக்கு அடிமையானவர், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கு நடத்த முடியாது. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பை நீக்கிவிடலாம். தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவுக்குப் போங்கள். கஞ்சா பழக்கம் என்று மருத்துவர் சீட்டில் எழுதட்டும். ஒவ்வொரு வருகைக்கும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், கோர்ட்டில் பேசப்போவது அந்தச் சீட்டுகள்தான். 2017 மனநலச் சட்டப்படி நோயாளி விவரம் ரகசியம்.

நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும். முதல் வாரத்தில்தான் கடுமை அதிகம், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். பலர் திரும்பவும் பிடிப்பது இந்த முதல் வாரத்தில்தான், ஆகவே அந்த நாட்களில் வீட்டில் யாராவது கூட இருக்கட்டும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. விற்பனை பற்றித் தகவல் கொடுக்க மாநில எண் 10581, தேசிய எண் 1933. கைதானவர்களுக்கு வருமானம் எதுவானாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், அல்லது 15100க்கு அழையுங்கள்.