மாட்டுக்கொட்டகை அறையில் அரிசி மூட்டை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதிலிருந்து எங்கள் பகுதியில் பலரும் ஐப்பசிக்கு முன்பே ரெண்டு மாத அரிசி, பருப்பை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். வைக்கிற இடம்தான் சரியில்லை.

ஒரு தை மாதம், கொல்லைப்புற அறையைப் பார்க்கச் சொல்லி ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்தது. மூட்டையைத் தூக்கினால் அடிச்சாக்கு தரையோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. உள்ளே அரிசி கட்டி கட்டியாக, பச்சை படர்ந்து கிடந்தது. “போன வருஷம்தான் சார் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிச்சோம்” என்றார் அந்த வீட்டு அம்மா. பெயிண்டை நகத்தால் சுரண்டினேன். தோலாக உரிந்தது, பின்னாலிருந்து வெள்ளை உப்பு மாவு போலக் கொட்டியது.

ஓதத்துக்கு, அதாவது தரையிலும் சுவரிலும் ஊறும் ஈரத்துக்கு, உள்பக்கம் பெயிண்ட் அடிப்பது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போடுவது மாதிரி. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். தரையில் ஒரு பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் வியர்த்தால் மண்ணின் ஈரம், மேலே வியர்த்தால் காற்றின் ஈரம். அங்கே அடியில்தான் வியர்த்தது. வெளியே போனால் காரணம் கண்ணெதிரே: கொல்லை மண் மேடேறி, அறைத் தரையைவிட நான்கு விரல் உயரத்தில் நின்றது. மண்ணைத் தரைக்கு அரை அடி கீழே வெட்டி இறக்கி, வாட்டம் கொடுத்தோம். பழைய தரையைப் பெயர்த்து, கெட்டி பாலித்தீன் விரித்து, மேலே கான்கிரீட் போட்டோம்.

மாட்டுக்கொட்டகைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வருஷக்கணக்கில் மூத்திரம் ஊறிய செங்கலில் நைட்ரேட் உப்பு தங்கிவிடும். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதனால் இடுப்புயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். “சிமெண்ட் வேணாமா?” என்று கொத்தனாரே சந்தேகப்பட்டார். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரில் இன்னும் மேலே ஏறும். அப்புறம் கோடை முழுக்க அறையைக் காய விட்டோம்.

இப்போது மூடி இறுகிய டிரம்கள், அரை அடி உயரப் பலகை மேல், சுவரை ஓரடி விட்டு நிற்கின்றன. நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குக் கால் வைத்தவர்கள் சும்மாவா வைத்தார்கள்? அடைமழை நாளில் மட்டும் ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கட்டி அரிசியைக் கழுவிக் கோழிக்குப் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். பூஞ்சணம் விடுகிற அஃப்ளாடாக்சின் கழுவினாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது, கோழிக்கும் அது விஷம்தான். குழி தோண்டிப் புதைத்தோம்.