முதல் நாள் சொன்ன எண்ணும் மூன்றாம் வருடக் கணக்கும்

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மா, மூன்று வருடம் முடிந்து செக்கப்புக்கு வந்திருந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சாப்பாடு நன்றாக இறங்குகிறது, எடையும் கூடியிருக்கிறது. கிளம்பும்போது கேட்டார்: "அஞ்சு வருஷம் தாண்டுறவங்க நூத்துக்கு நாப்பது பேர்தானே டாக்டர்? மகன் கல்யாணத்தை இந்த வருஷமே முடிச்சிரட்டுமா?"

அந்த நாற்பது, நோய் தெரிந்த அன்று அவரிடம் சொல்லப்பட்ட எண். அதற்கப்புறம் யாரும் அதை மாற்றிச் சொல்லவில்லை.

மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு நான் புள்ளியியல் எடுக்கிறேன். அங்கேயும் இதே கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சிகிச்சை தொடங்கிய 100 பேரில் 1 வருடம் முடிவில் 80 பேர், 2-இல் 60, 3-இல் 50, 4-இல் 45, 5-இல் 40 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்த எண்கள் இவை. மூன்று வருடம் கடந்துவிட்ட ஒருவர் ஐந்தாவது வருட முடிவிலும் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

40 சதவீதம் என்று உடனே கை தூக்குகிறார்கள். சிலர் 50-இலிருந்து 40-ஐக் கழித்து, 10 சதவீதம் பேர் இறப்பார்கள், மீதி 90 என்கிறார்கள். 0.5-ஐயும் 0.4-ஐயும் பெருக்கி 20 என்று சொல்பவர்களும் உண்டு. சரியான விடை 40-ஐ 50-ஆல் வகுத்தால் வரும் 80 சதவீதம்.

ஏன் வகுக்க வேண்டும்? கேள்வி எல்லா 100 பேரைப் பற்றியும் இல்லை. மூன்று வருடத்துக்குள் இறந்துபோன 50 பேர் இந்தக் கேள்விக்குள் வரவே மாட்டார்கள். இப்போது இருக்கும் 50 பேர்தான் நம் முழுக் கூட்டம். பெருக்கக் கூடாததற்கும் காரணம் இருக்கிறது. ஐந்து வருடம் வாழ்ந்தவர் மூன்று வருடமும் வாழ்ந்தவர்தானே? "இரண்டையும் தாண்டியவர்" என்றாலே அந்த 40 பேர்தான். இந்த ஒரு இடம் புரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பெருக்க வேண்டிய இடம் வேறு. அட்டவணையில் ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக, அதாவது அந்த வருடத் தொடக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பங்கு பேர் தாண்டினார்கள் என்று கொடுத்திருந்தால், நான்காம் வருட எண்ணையும் ஐந்தாம் வருட எண்ணையும் பெருக்க வேண்டும். நம் கணக்கில் 45/50 ஒன்று, 40/45 இன்னொன்று. பெருக்கினால் அதே 80. ஆகவே கேள்வியைப் பார்த்ததும், எண்கள் தொடக்கத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தவையா, வருடவாரியாகக் கொடுத்தவையா என்று பாருங்கள். அடுத்தது, "ஐந்தாம் வருடம் வரை" என்பதும் "இன்னும் ஐந்து வருடம்" என்பதும் ஒன்றல்ல. மூன்று வருடம் முடித்தவருக்கு இன்னும் ஐந்து என்றால் எட்டாம் வருட எண் வேண்டும். தேர்வில் இதைக் கவனிக்காமல் மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறைய.

இது புதிய கணக்கும் இல்லை. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, 1693-இலேயே இதைச் செய்திருக்கிறார். பிரெஸ்லாவ் நகரத்தின், இன்றைய போலந்தின் விராட்ஸ்வாஃபின், பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து 1000 பேரில் தொடங்கி ஒரு ஆயுள் அட்டவணை போட்டார். அதில் 40 வயதில் 445 பேர், 47 வயதில் 377 பேர். 40 வயதுக்காரர் இன்னும் ஏழு வருடம் வாழ்வாரா என்று பார்க்க அவர் 1000-ஐத் தொடவில்லை. 445-இல் 377 பேர் இருப்பார்கள், 68 பேர் போவார்கள் என்றார். 85 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1000-ஆல் வகுத்திருந்தால் 38 கூட வந்திருக்காது.

நிஜ நோயாளிகளிடம் இப்படித் தலை எண்ணி வகுத்தால் மட்டும் போதாது. சிலர் பாதியில் வருவதை நிறுத்திவிடுவார்கள், சிலர் போன வருடம்தான் சேர்ந்திருப்பார்கள். அவர்களை இறந்தவர்களாகவும் எண்ண முடியாது, ஐந்து வருடம் வாழ்ந்தவர்களாகவும் எண்ண முடியாது. இதற்குத்தான் 1958-இல் புள்ளியியல் ஆய்வாளர்கள் கப்லானும் மையரும் வெளியிட்ட முறை. அப்படிப்பட்டவர்களைக் கடைசியாகப் பார்த்த நாள் வரை மட்டும் கணக்கில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு காலத்திலும் எத்தனை பங்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வளைகோடு அதில் கிடைக்கும். அதில் ஐந்தாம் வருட உயரத்தை மூன்றாம் வருட உயரத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

நம் கணக்கில் முதல் நாள் 40. ஒரு வருடம் தாண்டினால் 50, இரண்டு தாண்டினால் 67, மூன்று தாண்டினால் 80. எல்லா நோயிலும் இப்படி ஏறிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஐந்தாம் வருடம் என்ற எல்லை நிலையாக இருக்கிறது, மீதிக் காலம் குறைந்துகொண்டே வருகிறது. அதனாலேயே எண் கொஞ்சம் ஏறும். ஆபத்து உண்மையிலேயே குறைகிறதா என்று தெரிய, ஒவ்வொரு கட்டத்திலும் "அடுத்த இரண்டு வருடம்" என்று ஒரே அளவை வைத்துப் பார்க்க வேண்டும். இரைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் நோய் திரும்பும், அதனால் குறைகிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோன் தூண்டுதலில் வளரும், மார்பகப் புற்றுநோயிலோ பத்து வருடம் கழித்தும் திரும்பலாம்.

அந்த அம்மாவுக்கு இதை நூறு புள்ளிகள் வைத்து வரைந்து காட்டினேன். இறந்தவர்களை அடித்து, மிச்சத்தில் அவரைக் காட்டி, இந்த எடுத்துக்காட்டுக் கணக்கில் பத்துக்கு எட்டு பேர் தாண்டுவார்கள் என்றேன். இரண்டு பேர் தாண்டாமலும் போகலாம், செக்கப்பை விடக் கூடாது என்றும் சொன்னேன். தாளில் அன்றைய தேதியைப் போட்டுக் கொடுத்தேன், அடுத்த வருடம் இந்த எண்ணும் மாறும் என்பதால்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கல்யாணப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்கு. முடிக்கட்டும் டாக்டர்" என்றார்.