'பல்லுயிர்ப் பெருக்கம்' என்ற சொல்லோடு ஒரு தகராறு

இயற்கைப் பாதுகாப்புக் குழுக்களுக்குச் சுற்றுலா நடத்தக் கற்றுத்தரும் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'பல்லுயிர்ப் பெருக்கத்தைப் பாதுகாக்கும் நிலையான சுற்றுலா'. ஐந்து சொல்லில் இரண்டு இடறுகின்றன. இதை எத்தனையாவது முறை பார்க்கிறேன் என்ற கணக்கு விட்டுப்போயிற்று. சரி, இந்த முறை எழுதியே தீர்த்துவிடலாம்.

ஆங்கில மூலச்சொல் பயோடைவர்சிட்டி. 'பயோ' கிரேக்கம், உயிர் வாழ்வு. 'டைவர்சிட்டி' லத்தீன் வழி வந்தது, வேறுபட்டிருத்தல். இரண்டையும் ஒட்டவைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் வால்டர் ரோசன், 1986இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கருத்தரங்குக்காக. 1992இல் பிரேசிலின் ரியோவில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை இதற்கு மூன்று அடுக்கு சொன்னது: ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு, இனத்துக்கு இனம் வேறுபாடு, சூழலமைப்புகளின் வேறுபாடு. மூன்றிலும் தலையெண்ணிக்கை பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் 'பெருக்கம்' எங்கிருந்து குதித்தது? தமிழ்க் காதுக்குப் பெருக்கம் என்றால் மக்கள்தொகைப் பெருக்கம், பெருக்கல் வாய்ப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக இனப்பெருக்கம். அதே உயிரியல் பாடத்தில் நாலு பக்கம் தள்ளி இனப்பெருக்கம் உட்கார்ந்திருக்கும்போது, இங்கே பல்லுயிர்ப் பெருக்கம் என்றால் பிள்ளைகள் என்னதான் நினைப்பார்கள்? ஒரு பயிற்சி வகுப்பில் பின்வரிசைக்காரர் எழுந்து கேட்டார்: "அப்போ மானெல்லாம் நிறையக் குட்டி போட்டா நம்ம வேலை முடிஞ்சுதுங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். அந்த அறையில் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். பிழை சொல்லில் இருந்தது.

இது வெறும் எழுத்துச் சண்டை இல்லை. பயணிகள் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுகிறார்கள். தீனி கிடைக்கிற இடத்தில் குரங்கு பெருகுகிறது. பெருகிய கூட்டம் பக்கத்து மரங்களில் ஏறிப் பறவைக் கூடுகளில் முட்டையையும் குஞ்சையும் எடுத்துத் தின்கிறது. உயிர் பெருகிவிட்டது, வகை குறைந்துவிட்டது. படகில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போன ஆகாயத்தாமரைத் துண்டும் இப்படித்தான். நீர்ப்பரப்பை மூடிவிடும், அடியில் ஒளியும் உயிர்வளியும் குறைந்து மற்றவை சாகும். அதைவிடப் பெரிய பெருக்கம் வேண்டுமா? எதைத் தடுக்கப் பயிற்சி நடத்துகிறோமோ, அதையே காக்கச் சொல்கிறது அட்டை.

நண்பர் ஒருவர் விடவில்லை. பெருக்கம் என்றால் செல்வம், வளம் என்றும் பொருள் உண்டே, 'பெருக்கத்து வேண்டும் பணிதல்' என்று வள்ளுவரே சொல்கிறாரே என்றார். உண்டுதான். ஆனால் அடுத்த சீர்களையும் படிக்க வேண்டும்: 'சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.' பெருக்கத்துக்கு எதிர் சுருக்கம். அங்கேயும் அளவுதான் பேச்சு. நாம் தேடும் சொல்லுக்கு எதிர்ச்சொல் சுருக்கம் ஆகாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரம் நிற்கும் தோட்டத்தில் சுருக்கம் எங்கே இருக்கிறது? ஒருவகைமைதான் இருக்கிறது.

அப்படியானால் எது சரி? பல்லுயிரியம் அழகான சொல், சிறியது. ஆனால் 'இயம்' ஒட்டியதும் பெண்ணியம், மார்க்சியம் வரிசையில் ஏதோ கொள்கை போலத் தோன்றிவிடுகிறது. உயிர்ப்பன்மை எனக்கு ஓரளவு பிடிக்கும். இருந்தாலும் பத்துச் சிட்டுக்குருவியும் பன்மைதான் என்று இலக்கணம் குறுக்கே நிற்கிறது. இலங்கைத் தமிழர் புழங்கும் உயிர்ப்பல்வகைமைதான் என் தேர்வு. நாக்கு கொஞ்சம் சுளுக்கும். ஆனால் 'வகை' என்ற சொல் உள்ளேயே இருக்கிறது, விளக்கவுரை தேவைப்படாது. பல்லுயிர் என்ற சொல்லையும் நான் விரட்டவில்லை. 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்ற குறளில் அது நன்றாகத்தான் இருக்கிறது, பெருக்கம் இல்லாமல்.

'நிலையான' பற்றியும் இரண்டு வரி. அதன் ஆங்கில மூலம் சஸ்டெய்னபிள். அதிலுள்ள சஸ்டெய்ன் என்ற சொல்லின் லத்தீன் வேர், கீழிருந்து தாங்கிப் பிடித்தல். கருத்து காட்டிலிருந்து வந்தது. 1713இல் ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க அதிகாரியாக இருந்த கார்லோவிட்ஸ், சுரங்கத்துக்கு மரம் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துபோவதைப் பார்த்து, வளர்வதை மிஞ்சி வெட்டாதே என்று எழுதினார். இதைப் போய் நிலையான என்றால், நிலையான கட்டணம் மாதிரி அசையாமல் நிற்கிற ஒன்றாகிவிடுகிறது. சுற்றும் உலாவும் சேர்ந்தது சுற்றுலா. அது எப்படி ஐயா நிலையாக நிற்கும்? வளங்குன்றாச் சுற்றுலா என்றால் எது குன்றக் கூடாது என்பதும் சேர்ந்து வந்துவிடும். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற அவசரம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு. இப்போது அந்த அவசரத்தையும் இயந்திரத்திடம் ஒப்படைத்தாயிற்று.

இதையெல்லாம் சொல்லித் திருத்தங்களை அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் பணிவாகத்தான் பதில் சொன்னார்: "சார், அட்டை அச்சாயிடுச்சு. உள்ளே மட்டும் மாத்திடறோம்." ஆக, வெளியே பெருக்கம், உள்ளே பல்வகைமை. பயிற்சிக்கு வருகிறவர்கள் இரண்டும் வேறு வேறு பாடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.