சுவரில் நடுங்கும் சிவப்புப் புள்ளி

"துப்பாக்கி இடதுபக்கம் இழுக்குது சார். லேசரை வச்சு சரி பண்ணிட்டேன்" என்றார் பயிற்சிக்கு வந்த ஒருவர். துப்பாக்கியில் மாட்டிய லேசர் காட்டும் சிவப்புப் புள்ளியை 10 மீட்டரில் தாளின் நடுவில் வைத்துச் சுட்டால், அவருக்குக் குண்டு கீழே இடதுபக்கம் விழுந்துகொண்டிருந்தது. லேசரின் சின்னத் திருகுகளைத் திருப்பித் திருப்பி, குண்டு விழும் இடத்துக்கே புள்ளியைக் கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு குண்டெல்லாம் புள்ளியிலேயே விழுந்தது. மனிதருக்குத் திருப்தி.

நான் அந்தக் கைத்துப்பாக்கியை மணல்மூட்டையில் வைத்து, டிரிக்கரை மெதுவாக அழுத்தி ஐந்து ரவுண்டு சுட்டேன். ஐந்தும் புள்ளிக்கு மேலே, வலதுபக்கம், நாலு விரல் தள்ளி விழுந்தன. கோளாறு அவருடைய ஆள்காட்டி விரலில் இருந்தது. சுடும் நேரத்தில் டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறார், குழலின் முனை சாய்கிறது. அதை அவர் திருகில் சரிசெய்திருந்தார்.

பல வருடங்களாகச் சுடப் பழக்குகிறேன். லேசர் வாங்கினால் குறி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை இன்றும் வாரந்தோறும் கேட்கிறேன். லேசர் உங்களுக்காகக் குறி பார்க்காது. குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது, விரல் அழுத்தும்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஒளிவுமறைவில்லாமல் காட்டும். அதனால்தான் தற்காப்பைவிடப் பயிற்சியில் அதன் பயன் பெரிது என்கிறேன்.

லேசரை முதன்முதலில் போட்டவுடன் எல்லோரும் பயப்படும் விஷயம், புள்ளி ஆடுவது. சுவரில் அது தேனீ போலத் துள்ளும். உங்கள் கை முன்பும் இப்படித்தான் ஆடியது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. தேர்ந்தவர்களின் கையும் ஆடும். புள்ளி நடுவுக்கு வரும் அந்த நொடியைப் பிடிக்கப் பார்த்து டிரிக்கரைப் பிடுங்குவதுதான் தப்பு. ஆட்டம் ஆடட்டும், நீங்கள் ஒரே சீராக அழுத்திக்கொண்டே போங்கள். ஆடிக்கொண்டே விழும் குண்டு நடுவுக்குப் பக்கத்தில் விழும், பிடுங்கிய குண்டு தாளைவிட்டே போகும்.

இதற்கு நல்ல வழி குண்டில்லாப் பயிற்சி. அதைச் சொல்லித்தருவதற்கு முன் நான் கறாராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. குண்டுகள் அடுக்கியிருக்கும் மேகசினை முதலில் எடுக்க வேண்டும், அப்புறம்தான் துப்பாக்கியின் மேல்புறம் பின்னுக்கு நகரும் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் இடத்தில், இருந்த குண்டு வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்த குண்டு உள்ளே ஏறும். பிறகு மேகசினை எடுத்துவிட்டு "காலி" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும். ஸ்லைடைத் திறந்து வைத்துக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். குண்டுகள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். புள்ளி விழும் சுவர், தப்பித்தவறி குண்டு வந்தாலும் தாங்கும் சுவராக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்துத்தந்த நான்கு விதிகளில் முதல் விதியே எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாக நினை என்பதுதான். லேசர் மாட்டிய துப்பாக்கிக்கு அதில் விலக்கு கிடையாது.

சரி, இப்போது சுவரில் ஒட்டிய தாளில் ஒரு சின்ன வட்டத்தைப் பாருங்கள். அழுத்துங்கள். 'டிக்' என்ற சத்தம் வரும் அந்தக் கணத்தில் புள்ளி எங்கே தாவியது? இடதுபக்கம் என்றால் விரலின் நடுக்கணுவைப் பாருங்கள், துப்பாக்கியின் பக்கவாட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். கீழே என்றால் பெரும்பாலும் வெடிக்கு முன்பே கை இறுகுகிறது. இருபது முறை போதும், பத்து நிமிடம். முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லித் துப்பாக்கியை வைத்துவிடுங்கள். குண்டைத் திரும்பப் போட்ட பிறகு "ஒன்றே ஒன்று மட்டும்" என்று எடுப்பதில்தான் சுவர்கள் ஓட்டையாகின்றன. நல்ல காலமாக இருந்தால் சுவர் மட்டும்.

சேம்பரில் வைக்கும் லேசர் தோட்டாவும் உண்டு. ஊசி தட்டும்போது ஒரு கணம் மின்னும், அவ்வளவுதான். குழல் வாயில் செருகும் வகையை மட்டும் மறந்து உள்ளேயே விட்டுவிடாதீர்கள். அடைத்த குழலில் நிஜக் குண்டு சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம்.

அடுத்து, லேசர் உட்காரும் இடம். அது குழலுக்குக் கீழே இருக்கிறது, 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் புள்ளியும் குண்டும் சேரும்படி வைத்தால், 5 மீட்டரில் குண்டு புள்ளிக்கு 2 சென்டிமீட்டர் மேலே விழும், 20 மீட்டரில் 4 சென்டிமீட்டர் கீழே போகும். வீட்டுக்குள் இது ஒன்றும் இல்லை, ஆனால் தெரியாமல் இருந்தால் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

நிறம் பற்றிக் கேட்பார்கள். நம் கண் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில்தான் கூர்மை, பச்சை லேசர் 520 அல்லது 532, சிவப்பு 635 முதல் 650 வரை. ஒரே சக்தியில் பச்சை பல மடங்கு பளிச்சென்று தெரியும். ஆனாலும் உச்சிவெயிலில் இரண்டுமே மங்கிப்போகும். கண் விஷயத்தில் விளையாடாதீர்கள். 5 மில்லிவாட் சிறியதாகத் தோன்றும், நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரைக்கு ஆபத்து. கண்ணாடி, டிவி திரை இருக்கும் அறையில் பயிற்சி வேண்டாம்.

தற்காப்புக்கு வருகிறேன். வயதாகி முன்சைட் (குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் சின்ன முனை) மங்கலாகத் தெரிபவருக்கும், கீழே விழுந்து ஒரு கை அடிபட்டுத் துப்பாக்கியைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவர முடியாதவருக்கும் லேசர் உண்மையிலேயே உதவும். நான் மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் நிற்பது யார் என்று அந்தப் புள்ளி சொல்லாது. தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகனாக இருக்கலாம். முகத்தைப் பார்க்க டார்ச் வேண்டும், அதுவும் துப்பாக்கியில் மாட்டாத தனி டார்ச். புகையிலும் மூடுபனியிலும் கதிர் கோடாகத் தெரிந்து நீங்கள் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

"சுட வேண்டாம் சார், புள்ளியைக் காட்டினாலே ஓடிடுவான்" என்பார்கள். இதைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். ஒருவர் நெஞ்சில் புள்ளி இருக்கிறது என்றால் குண்டு நிரம்பிய குழல் அவர் நெஞ்சைப் பார்க்கிறது என்று அர்த்தம். சும்மா மிரட்டத்தான் என்ற பேச்சு விசாரணையில் எடுபடாமல் போகலாம். உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் துப்பாக்கியைத் தொடும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

புள்ளி தெரியவில்லை என்று தேடிக்கொண்டு நின்றவர்களையும் ரேஞ்சில் பார்த்திருக்கிறேன். பேட்டரி தீர்ந்திருக்கும், கண்ணெதிரே முன்சைட் இருக்கும், அதைப் பார்க்கத் தோன்றாது. அதனால் என் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்து ரவுண்டை லேசரை அணைத்துவிட்டுத்தான் சுட வேண்டும்.

முதலில் சொன்னவர் இரண்டு மாதம் குண்டில்லாப் பயிற்சி செய்தார். லேசரை மறுபடி மணல்மூட்டையில் வைத்துச் சரிசெய்தோம். அவருடைய திருகுகளின் மேல் இப்போது மெல்லிய வெள்ளைப் பெயின்ட் கோடு இருக்கிறது. யாராவது திருப்பினால் கோடு விலகித் தெரிந்துவிடும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்.