நொய்யலில் தண்ணீரோடு அடிமண்ணையும் சோதிக்க வேண்டும்

சாயக்கழிவு கலந்திருப்பதாகப் புகார் எழுந்தால், நொய்யல் ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது நம் பகுதியில் வழக்கம். அந்தத் தண்ணீர், பிடித்த நேரத்தின் நிலையை மட்டுமே காட்டும். மழை பெய்யும் இரவில் திறந்துவிடப்பட்ட கழிவு, மறுநாள் மாதிரி எடுக்கப் போவதற்குள் வெகுதூரம் கடந்திருக்கும். அடிமண்ணில் வாழும் புழுக்கள், நத்தைகள், பூச்சிகளின் இளம்பருவங்கள் ஆகியவையோ எளிதில் இடம்பெயராதவை; வாரக்கணக்கில் வந்து சேர்ந்த நஞ்சையெல்லாம் அவை இருந்த இடத்திலேயே தாங்கியாக வேண்டும்.

தொழில் துறைமுகங்களின் மாசை மதிப்பிடும் பணியில் நாங்கள் கையாளும் முறையும் இதுவே. 0.1 சதுர மீட்டர் பரப்பை அள்ளும் இரும்புக் கவ்வியால் கடலடிச் சேற்றை எடுத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கும் உயிர்களை இனம் பிரித்து எண்ணுவோம். கரிமக் கழிவு கூடக்கூட இனங்கள் குறைந்து, காப்பிடெல்லா போன்ற சிறு புழுக்கள் மட்டும் பெருகுகின்றன என்பதையும், கழிவு மேலும் மிகுந்தால் அவையும் அற்றுப்போகின்றன என்பதையும் பியர்சன், ரோசன்பெர்க் ஆகிய கடல் சூழலியலாளர்கள் இருவர் 1978இல் விளக்கினார்கள். ஆகவே சேற்றில் உயிர்கள் நெளிவதைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எத்தனை உயிர்கள் என்பதைவிட எந்தெந்த இனங்கள் என்பதே முக்கியம்.

நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலை அடிவாரத்து ஓடைகளில் ஒரு கல்லைப் புரட்டி வெள்ளைத் தட்டில் கழுவினால், வால்போல மூன்று இழைகளும் வயிற்றின் இருபுறமும் படபடக்கும் செவுள்களும் கொண்ட மேப்பூச்சியின் இளம்பருவத்தைக் காணலாம். அதற்கு உயிர்வளி நிறைந்த நீர் தேவை. உப்பு மிகுந்தாலும் அது தாங்காது. நகரங்களைத் தாண்டிய தேக்கங்களிலோ, அழுகிய முட்டை வாடையடிக்கும் கருஞ்சேற்றில், அலங்கார மீன்களுக்கு இரையாக விற்கும் ரத்தப்புழுக்களே மிகுந்திருக்கும். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் குறைந்த உயிர்வளியிலும் அவை பிழைத்துக்கொள்கின்றன. இத்தகைய வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் முறை பிரிட்டனில் உருவானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் மதிப்பீட்டிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஒப்பீட்டில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. துறைமுகத்தில் தூர்வாரிய இடம் மாசடைந்த இடம் போலவே வெறுமையாகத் தோன்றும். நொய்யலிலும் மலையோடையின் கல்படுகையையும் அணைக்கட்டின் வண்டலையும் நேரடியாக ஒப்பிடுவது தவறு. தேக்கத்தைத் தேக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வெள்ளம் உயிர்களை அடித்துச் சென்றுவிடும் என்பதால், மழை ஓய்ந்து சில வாரங்கள் கழித்தே மாதிரி எடுக்க வேண்டும்.

எந்த நஞ்சு, யாருடைய குழாய் என்பதைப் புழுக்கள் சொல்லா. அதற்கு வேதியியல் சோதனைதான் வேண்டும். பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானதையும், 2011இல் உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அறிந்த நமக்கு, இரண்டு சோதனைகளும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. உயிரினக் குடும்ப அளவில் இனங்காணக் கல்லூரி மாணவர்களைப் பழக்கிவிடலாம். கைவலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவற்றோடு, ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே பருவத்தில் எடுத்த பதிவுகள் இருந்தால், அடுத்த புகார் மனுவோடு அவற்றையும் இணைக்க முடியும்.